எந்தக் கீழாநெல்லி?

மூலிகை ஆராய்ச்சி என்றதும் வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குடுவையும் நினைவுக்கு வரும்படி பத்திரிகைப் படங்கள் நம்மைப் பழக்கிவைத்திருக்கின்றன. அந்தத் தொழில் உண்மையில் தொடங்குவது சாக்குப் பையில். சென்னை பூங்கா நகர் ராசப்ப செட்டித் தெருவில் இருக்கும் நாட்டு மருந்துக் கடைகளில் ஏதாவது ஒன்றின் முன்னால் சரக்கு இறங்கும் நேரத்தில் நின்று பார்க்க வேண்டும். ஒரு பையில் வேர், இன்னொன்றில் பட்டை, மற்றொன்றில் வேரோடு பிடுங்கிக் காயவைத்த முழுச் செடி. பையின் மேல் மையால் எழுதிய பெயர் ஒன்று இருக்கும். அந்தப் பெயரும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்று சொல்வதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. பார்மகாக்னசி என்பார்கள்.

அதைப் படித்து, சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, தலை நரைக்கும்வரை அங்கேயே இருந்து ஓய்வு பெற்ற ஒருவரின் அனுபவம் இது. மாணவர்களுக்கு அவர் ‘மேடம்’. கடைக்காரர்களுக்கு ‘லேப் அம்மா’. மருந்து எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. மற்றவர்கள் கண்டுபிடித்ததாகச் சொன்னதில் பாதியை, “முதலில் இது என்ன செடி என்று பார்ப்போம்” என்று நிறுத்திவைத்ததுதான் அவர் செய்த வேலை. இதனால் அவருக்கு நண்பர்கள் அதிகம் சேரவில்லை.

தொழிலின் முதல் பாடம் பிளேடு. ஒரு சாதாரண சவர பிளேடை வைத்து, உருளைக்கிழங்குத் துண்டுக்கு நடுவே இலையைச் செருகி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிசாகக் குறுக்கே சீவ வேண்டும். பல மாதங்கள் விரலைத்தான் சீவுவார்கள். சீவியதைக் குளோரல் ஹைட்ரேட் கரைசலில் போட்டுச் சூடாக்கினால் பச்சையும் மாவும் கரைந்து, செல்களின் சுவர் மட்டும் கண்ணாடிபோல் நிற்கும். புளோரோகுளுசினாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரு சொட்டு விட்டால் கட்டையான பகுதிகள் சிவக்கும். அயோடின் விட்டால் மாவுமணிகள் கருநீலமாகும். எந்த ஊர் மருந்தியல் கல்லூரியிலும் இரண்டு மூன்று பருவங்களுக்குள் கற்றுக்கொடுத்து முடித்துவிடும் வித்தை. கண் பழக மட்டும் ஆண்டுகள் ஆகும்.

அவர் கண் பழகியது நிலாவரையில். உலகத்தின் மருந்து நூல்களில் திருநெல்வேலியின் பெயர் ஏறியிருப்பது அல்வாவுக்காக அல்ல, இந்த இலைக்காக. டின்னவெல்லி சென்னா என்று லண்டனிலும் பெர்லினிலும் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் சரக்கு, தென்மாவட்டக் கரிசல் காட்டில் விளைந்து தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பல் ஏறுகிறது. இதற்கு ஆப்பிரிக்கப் பங்காளி ஒருவர் உண்டு: அலெக்சாந்திரியா சென்னா. இரண்டையும் பிரித்துச் சொல்ல இலையின் மேல்தோலில் இருக்கும் துளைகளை எண்ணுவார்கள். நூறு தோல் செல்லுக்கு எத்தனை துளை என்பது கணக்கு. அலெக்சாந்திரியாவுக்குச் சராசரி 12.5, திருநெல்வேலிக்கு 17.5. எண்ணுவது அலுப்பான வேலைதான். ஆனால் ஓர் இலையின் ஊரைத் துளைக் கணக்கை வைத்துச் சொல்லிவிடலாம் என்று அறிந்த நாளில் தனக்குக் கிடைத்த மகிழ்ச்சி பின்னால் எந்தப் பதவி உயர்விலும் கிடைக்கவில்லை என்பார் அவர்.

நிலாவரையோடு கலப்பது பெரும்பாலும் ஆவாரை இலை. இரண்டும் ஒரே குடும்பம், காய்ந்தால் நிறமும் பொருந்திவிடும். இதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. பொடியின் மேல் 80 சதவீதக் கந்தக அமிலத்தை ஒரு சொட்டு விட வேண்டும். ஆவாரை இருந்தால் செக்கச்செவேல் என்று சிவக்கும். ஆவாரை கெட்ட செடி அல்ல, சித்த மருத்துவத்தில் அதற்கென்று தனி மரியாதை உண்டு, ஆவாரைக் குடிநீரே இருக்கிறது. ஆனால் மலச்சிக்கலுக்கு நிலாவரை வாங்கியவருக்கு அதனால் என்ன பயன்? நிலாவரை வேலை செய்வது சென்னோசைடு என்ற பொருள்களால். அந்த வேலைக்கு ஆவாரையை நம்ப முடியாது.

ஆடாதோடைக்கும் இதே கதை. அதன் இலைப் பொடியை நுண்ணோக்கியில் வைத்தால் சுருட்டு வடிவத்தில் சிஸ்டோலித் என்ற சுண்ணாம்புக் கட்டிகள் தெரியும். கலப்படத்துக்குச் சேர்க்கும் பெருமரத்தின் இலையில் அவை இருக்காது. ஆடாதோடையிலிருந்து பிரித்த வாசிசின் என்ற பொருளை அடியாக வைத்துத்தான் இருமல் மருந்துகளில் வரும் பிரோம்ஹெக்சின் உருவானது. பாட்டி வைத்தியத்துக்கும் மருந்துக்கடை சிரப்புக்கும் இடையே இப்படி நேர்க்கோடு போட்டுக் காட்டக்கூடிய செடிகள் அதிகமில்லை. மேடைப் பேச்சுகளில் சொல்லும் அளவுக்கு நிச்சயம் இல்லை.

முழு இலையாக வந்தால் எதையும் கண்டுபிடித்துவிடலாம். பொடியாக வந்தால் பாதி கண்டுபிடிக்கலாம். நீரில் கொதிக்கவைத்து வற்றவைத்த சாரமாக வந்தால் நுண்ணோக்கிக்கு வேலையே இல்லை; குரோமட்டோகிராபித் தகட்டில் ஏற்றி, எந்த உயரத்தில் எந்தப் பொட்டு விழுகிறது என்று பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். ஆகவே, சரக்கை எவ்வளவு பொடியாக்கிக் கொடுக்கிறார்களோ அவ்வளவு சந்தேகப்படுவது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. வீட்டில் மல்லித்தூள்கூட வாங்கமாட்டார்.

இந்தத் தொழிலின் பெருமையும் அவமானமும் ஒருசேரத் தெரிவது கீழாநெல்லியில். அவர் வேலையில் இருந்த காலம் முழுவதும் மேசைக்குத் திரும்பத் திரும்ப வந்த செடியும் அதுதான்.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது தமிழ்நாட்டில் குழந்தைக்கும் தெரியும். அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். பெரும்பாலானவர்கள் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். இதில் செடியின் பங்கு எவ்வளவு என்பதுதான் விஞ்ஞானத்தின் கேள்வி. ஏனென்றால் தண்ணீராலும் உணவாலும் பரவும் ஹெபடைடிஸ் ஏ காமாலை, மருந்து எதுவும் கொடுக்காவிட்டாலும் பெரும்பாலோருக்குத் தானாகவே குணமாகும். தானாகக் குணமாகும் நோய்க்குக் கடைசியாகக் கொடுத்தது எதுவோ அதற்கே பெயர் கிடைக்கும். நாட்டு வைத்தியத்துக்கு மட்டுமல்ல, ஆங்கில மருந்துக்கும் சில நேரம் இப்படிப் பெயர் கிடைப்பதுண்டு.

ஹெபடைடிஸ் பி அப்படியல்ல. ரத்தத்தில் தங்கிவிட்டால் ஆண்டுக்கணக்கில் இருக்கும், கல்லீரலைச் சுருக்கும், சிலருக்குப் புற்றுநோய்வரை கொண்டுபோகும். அந்த வைரஸின் மேலுறைப் பொருளைக் கண்டறிந்தவர் பரூக் ப்ளம்பெர்க். அதற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்றார். பிலடெல்பியாவில் இருந்த அவருடைய குழுவினரும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினரும் சேர்ந்து கீழாநெல்லியைக் கையில் எடுத்தார்கள். 1988-இல் ‘லான்செட்’ இதழில் கட்டுரை வந்தது. வைரஸை உடலில் சுமந்துகொண்டிருந்தவர்களுக்குச் செடியின் பொடியை 200 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்த மேலுறைப் பொருள் மறைந்தது. வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது.

59 சதவீதத்துக்கு எதிராக 4 சதவீதம். அந்தக் கட்டுரையின் நகல் சென்னை ஆய்வுக்கூடங்களில் கைமாறிக் கைமாறிக் கிழிந்தது. வயல் வரப்பில் காலில் மிதிபடும் ஒரு களை, உலகத்தின் முதல் வரிசை மருத்துவ இதழில். இத்துறையில் இருந்த யாருக்கும் அந்த ஆண்டு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

அடுத்து வந்த ஆண்டுகளில் தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், வரவில்லை. நியூசிலாந்தில் செய்து பார்த்தார்கள், அங்கும் வரவில்லை. சென்னையில் மறைந்த வைரஸ் பாங்காக்கில் ஏன் மறையவில்லை? இரண்டு கட்சிகள் கிளம்பின. சென்னைச் சோதனை சிறியது, தற்செயலாக வந்த முடிவு என்றது ஒன்று. அவர்கள் எடுத்தது நம் செடியே அல்ல என்றது மற்றொன்று. இரண்டாவது கட்சியில் நம் ஊர்க்காரர்கள் அதிகம்.

செடி விவகாரத்துக்கு முன்கதை ஒன்று உண்டு. இலைக்குக் கீழே வரிசையாகத் தொங்கும் குட்டிக் காயை வைத்துத்தான் எல்லோரும் கீழாநெல்லியை அடையாளம் காண்கிறார்கள். பில்லாந்தஸ் என்ற அதே பேரினத்தில் நம் வயல்களில் முளைக்கும் வேறு பல செடிகளும் இதேபோல் காயைத் தொங்கவிடும். போன நூற்றாண்டின் மருந்து நூல்கள் இவை எல்லாவற்றையும் சேர்த்து பில்லாந்தஸ் நிரூரி என்று ஒரே பெயரில் எழுதிவிட்டன. அந்தப் பெயருக்கு உண்மையில் உரிய செடி அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. 1985-இல் மித்ரா, ஜெயின் என்ற இருவர் உலர்ந்த மாதிரிகளை அலசி, இந்தியாவில் நிரூரி என்று சொல்லப்பட்டது அமாரஸ், பிரட்டர்னஸ், டெபிலிஸ் என்ற மூன்று இனங்களின் கலவை என்று காட்டினார்கள். அதற்கு முன் இந்தியாவில் நிரூரி என்ற பெயரில் எலிக்குக் கொடுத்து எழுதிய கட்டுரைகளில், எலி உண்மையில் எதைத் தின்றது என்று இன்று யாரும் சொல்ல முடியாது.

இவற்றில் கீழாநெல்லி என்று கொள்ள வேண்டியது அமாரஸை. பச்சையாக, பூவோடு இருந்தால் பிரிப்பது கடினமல்ல. அமாரஸின் பூவில் ஐந்து இதழ், பிரட்டர்னஸில் ஆறு. அமாரஸின் விதையில் நீளவாக்கில் வரிகள் ஓடும், யூரினேரியா என்ற இன்னோர் இனத்தின் விதையில் குறுக்கு வரிகள். கைவில்லையும் பொறுமையும் போதும். காய்ந்து, நசுங்கி, பூ உதிர்ந்து, சாக்கில் வந்தால்தான் தலைவலி. அப்போது கை நிறைய அள்ளி வெள்ளைத்தாளில் கொட்டி, விதைகளை மட்டும் ஊசியால் பொறுக்கி எடுக்க வேண்டும். குரோமட்டோகிராபியில் பில்லாந்தின் என்ற கசப்புப் பொருளைத் தேடலாம்; அமாரஸில் அது நிறைய, சில இனங்களில் மிகச் சொற்பம்.

ராசப்ப செட்டித் தெருவில் தனக்குப் பழக்கமான ஒரு கடையில் அவர் கேட்டிருக்கிறார்:

“அண்ணாச்சி, இது கீழாநெல்லிதானா?”

“நாப்பது வருசமா அதே ஊர்லருந்துதாம்மா வருது. மழை பெஞ்சதும் பொம்பளைங்க வயல்ல பிடுங்கிக் கட்டி அனுப்புதாங்க. வேற என்னவா இருக்கும்?”

கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை. களை பறிக்கும் பெண்ணுக்குக் கிலோவுக்குக் கிடைப்பது சொற்பக் காசு. அந்தக் காசுக்குள் பூவின் இதழை எண்ணிப் பார்த்துப் பிடுங்கு என்று யார் சொல்ல முடியும்? 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தென்னிந்தியக் கடைகளில் வாங்கிய கீழாநெல்லிச் சரக்கை டி.என்.ஏ. வரை போய்ப் பார்த்தது. ஏறக்குறைய முக்கால் பங்கு மாதிரிகளில் அமாரஸே பெரும்பகுதியாக இருந்தது; மீதியில் வேறு ஐந்து இனங்கள். பத்திரிகைகள் இப்படிப்பட்ட செய்திக்குக் ‘கலப்பட அதிர்ச்சி’ என்று தலைப்புப் போடும். லேப் அம்மாவுக்கோ அதிர்ச்சி இல்லை. நுண்ணோக்கியும் தாவரவியல் பட்டமும் இல்லாத ஒரு சங்கிலி, பறிப்பவரிலிருந்து கடைக்காரர்வரை, முக்கால் பங்கு சரியாகக் கொண்டுவந்து சேர்க்கிறது என்றால் அது பாராட்டுக்கு உரியது என்பதே அவர் கருத்து. மீதிக் கால் பங்கைச் சரிசெய்ய வேண்டியது ஆய்வுக்கூடங்களின் வேலை.

செடி மாறிவிட்டது என்ற சமாதானத்தை ஆனாலும் அவர் முழுதாக ஏற்றதில்லை. சென்னையைப் போலவே தாய்லாந்துக்காரர்களும் அமாரஸைத்தான் எடுத்தார்கள். விளைந்த மண், பறித்த பருவம், உலர்த்திய விதம், நோயாளிகள் எந்த வயதில் வைரஸைப் பெற்றார்கள் என்பதெல்லாம் வேறாக இருந்திருக்கலாம். அப்படிப் பல காரணங்களை அடுக்கலாம். அடுக்குவதால் முடிவு மாறாது: கீழாநெல்லி ஹெபடைடிஸ் பி-யைக் குணமாக்கும் என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை. பின்னால் வந்த தொகுப்பாய்வுகளும் அதைத்தான் சொல்லின. கல்லீரலுக்கு அது நல்லது என்று நம்புவது ஒன்று, வைரஸை ஒழிக்கும் என்று சுவரொட்டி அடிப்பது இன்னொன்று.

இந்த வழக்கு அவருடைய ஒரு பிடிவாதத்தை மட்டும் உறுதியாக்கியது. எந்தச் செடியை எடுத்து ஆய்வு செய்தாலும், அதே செடியின் ஒரு கிளையைப் பூவோடும் காயோடும் அழுத்தி உலர்த்தி, அட்டையில் தைத்து, எண் போட்டு, ஓர் உலர்தாவரகத்தில் வைத்துவிட வேண்டும். நாளை யாராவது சந்தேகப்பட்டால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் மதராஸ் உலர்தாவரகமும், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராப்பினாட் உலர்தாவரகமும் இதற்காகவே இருக்கின்றன. கேம்பிள் எழுதிய சென்னை மாகாணத் தாவரநூலையும் பாதிரியார் மேத்யூ எழுதிய கர்நாடகச் சமவெளித் தாவரநூலையும் புரட்டத் தெரிந்த ஒருவர் அங்கே எப்போதும் உட்கார்ந்திருப்பார். இப்போதெல்லாம் மாதிரி எண் இல்லாத கட்டுரைகளை நல்ல ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிவிடுகின்றன.

அதற்கும் நம்மவர்கள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ஆய்வை முழுதும் முடித்துவிட்டு, கட்டுரையும் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு புட்டியில் மீந்த பொடியோடு முனைவர் பட்ட மாணவர் ஒருவர் வாசலில் நிற்பார். “மேடம், ஒரு சர்டிபிகேட் வேணும். எங்க கைடு அனுப்பினாங்க.” செடி எங்கே என்று கேட்டால் அரைத்துவிட்டோம் என்பார். எங்கே பறித்தீர்கள் என்றால் கடையில் வாங்கினோம் என்பார். பொடியைப் பார்த்துச் செடிக்குச் சான்றிதழ் எழுதித் தர அவர் மறுத்ததும், மாணவர் அடுத்த தெருவில் வேறோர் இடத்தில் வாங்கிக்கொண்டு போனதும் பலமுறை நடந்திருக்கிறது. அந்தக் கட்டுரைகள் இன்று இணையத்தில் இருக்கின்றன. அவற்றை மேற்கோள் காட்டி வேறு கட்டுரைகளும் இருக்கின்றன. தமிழ்நாட்டு மூலிகை ஆராய்ச்சிக்கு வெளியில் இருக்கும் பகையைவிட இது பெரிய கேடு என்று அவர் நினைக்கிறார். அதைச் சொல்லத் தயங்குவதும் இல்லை.

பெயர்க் குழப்பம் புதிதல்ல. 1869-லேயே திருவல்லிக்கேணி மருத்துவமனையில் இருந்த மொய்தீன் ஷெரீப், இந்திய மருந்துச் செடிகளுக்குப் பல மொழிகளில் வழங்கும் பெயர்களைத் தொகுத்துத் தனி நூலாகக் கொண்டுவந்தார். எந்த மொழிக்காரர் எந்தப் பெயரால் எதைக் குறிக்கிறார் என்று தெரியாமல் மருந்து நூல் எழுத முடியாது என்று அவருக்குப் புரிந்திருந்தது. சென்னையில் இன்று அவர் பெயரைத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

மாணவர்களுக்கு உற்சாகம் ஊட்ட லேப் அம்மா ஒரு வேடிக்கை வைத்திருந்தார். சிறுகுறிஞ்சான் இலை ஒன்றைக் கொடுத்து நன்றாக மெல்லச் சொல்வார். துப்பிய பிறகு ஒரு கரண்டி சர்க்கரை. வாயில் மணலை அள்ளிப் போட்டதுபோல இருக்கும். உப்பும் புளிப்பும் தெரியும், இனிப்பு மட்டும் காணாமல் போய்விடும். அரைமணி, ஒரு மணி நேரத்தில் திரும்பி வரும். சர்க்கரைக்கொல்லி என்ற பெயர் சும்மா வரவில்லை. இதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்து 1887-இல் ஜிம்னெமிக் அமிலம் என்று பெயர் வைத்தவர் டேவிட் ஹூப்பர். இடம் ஊட்டி. சென்னை அரசாங்கம் நீலகிரியில் சின்கோனா வளர்த்துக் கொயினா எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், அந்தப் பட்டைகளைச் சோதிக்க வந்த வேதியியலாளர் அவர். வந்த இடத்தில் சுற்றுவட்டாரச் செடிகளை எல்லாம் சோதித்தார். பிறகு வேறு இருவரோடு சேர்ந்து ‘பார்மகோகிராபியா இண்டிகா’ என்ற மூன்று தொகுதி நூலை எழுதினார். அந்த அமிலம் நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்கிறது என்பது பிற்காலத்தில் தெளிவானது.

நாக்கில் இனிப்பை மறைப்பதும் ரத்தத்தில் சர்க்கரையைக் குறைப்பதும் ஒன்றல்ல. பலருக்கு இது புரிவதில்லை. 1990-இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியலாளர்கள், வழக்கமான மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த 22 சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த இலையின் சாரத்தைத் தினம் 400 மில்லிகிராம், ஒன்றரை ஆண்டுக்கு மேல் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறைந்தது, ஐந்து பேர் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. நம்பிக்கையூட்டும் முடிவுதான். ஆனால் 22 பேர். சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஒப்பீட்டுக் குழு இல்லை. இதை அடுத்த கட்டத்துக்கு, ஆயிரம் பேருக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். அதற்குப் பதில் அமெரிக்கக் கடைகளில் புட்டி புட்டியாக விற்பனைக்குப் போய்விட்டது. விற்க முடிகிற பொருளுக்குச் சோதனை எதற்கு என்று வியாபாரம் நினைக்கிறது. உள்ளூரில் இதை நம்பி இன்சுலினை நிறுத்தியவர்களையும் அவருக்குத் தெரியும். அந்தப் பேச்சு வந்தால் அவர் குரல் உயரும்.

செடி மாறினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு அவர் சொல்வது பெல்ஜியம் கதை. 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் எடை குறைக்கும் ஒரு சிகிச்சையில் சீன மூலிகைப் பொடி சேர்த்தார்கள். ஸ்டெபானியா என்ற கொடியின் வேர் சேர்க்க வேண்டிய இடத்தில், சீனப் பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால், அரிஸ்டோலோக்கியா என்ற வேறொரு கொடியின் வேர் வந்து சேர்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, சிறுநீரகம் கெட்டது. பலர் டயாலிசிஸுக்கும் மாற்றுச் சிறுநீரகத்துக்கும் போனார்கள், சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் வந்தது. காரணம் அரிஸ்டோலோக்கிக் அமிலம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. சாக்குப் பையின் மேல் இருந்த பெயருக்கும் உள்ளே இருந்த வேருக்கும் இடையிலான இடைவெளி அவ்வளவுதான்.

கேட்பவர்கள் சீனாக்காரன் மருந்து என்று தலையாட்டுவார்கள். நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுவரமூலியும் அதே அரிஸ்டோலோக்கியா பேரினம்தான் என்று அவர் மெதுவாகச் சொல்லும்போது அறையில் பேச்சு நின்றுவிடும். பாரம்பரியமாக உண்டு வந்தோமே என்பார் ஒருவர். பாம்புக்கடிக்கும் வயிற்றுப் புழுவுக்கும் அந்தச் செடிகள் வழங்கி வந்தது உண்மை. சிறுநீரகம் இருபது ஆண்டுகள் கழித்துக் கெட்டால் அதை எந்த வைத்தியர் எந்தக் கஷாயத்தோடு சேர்த்துப் பார்த்திருக்க முடியும்? நூற்றாண்டு அனுபவம் உடனே கொல்லும் விஷத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். மெல்லக் கொல்வதைக் காட்டாது. நாட்டு வைத்தியத்தின் மேல் மரியாதை வைத்துக்கொண்டே இதைச் சொல்ல முடியும் என்பது அவருடைய வாதம்.

கூட்டு மருந்துகளில் சிக்கல் இரட்டிப்பாகிறது. 2012-இல் டெங்கு பரவியபோது அரசு மருத்துவமனைகளிலேயே கொடுத்த நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்கு: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம். குடிநீருக்கு இடித்த சரக்கு கொரகொரப்பாக இருக்கும்; இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரிக்கலாம். அவர் முதலில் தேடுவது சந்தனத்தை. விலை அதிகமான சரக்குதான் முதலில் காணாமல் போகும். பற்படாகம் என்று தமிழ்நாட்டில் ஒரு செடி, கேரளத்தில் வேறொன்று, வடநாட்டில் மூன்றாவது ஒன்று. மூன்றுக்கும் தாவரக் குடும்பம்கூட ஒன்றல்ல.

ஒற்றைச் சரக்கைப் பிரித்துச் சோதிப்பதா, கூட்டாகவே சோதிப்பதா என்ற சண்டை நூறு ஆண்டுப் பழசு. 1918-இல் சென்னை அரசு டாக்டர் கோமன் என்பவரை நாட்டு மருந்துகளைச் சோதிக்க நியமித்தது. அவர் பெரும்பாலானவற்றில் சாரமில்லை என்று அறிக்கை கொடுத்தார். எங்கள் முறைப்படி அவர் சோதிக்கவே இல்லை என்று வைத்தியர்கள் கொதித்தார்கள். அதைத் தொடர்ந்து உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைந்து, 1923-இல் நாட்டு மருத்துவத்துக்கு ஆதரவான அறிக்கை வந்தது. இரு தரப்பின் வாதங்களும் இன்றைக்கும் வார்த்தை மாறாமல் நடக்கின்றன. லேப் அம்மாவின் தீர்ப்பு கொஞ்சம் கசப்பானது: கூட்டாகத்தான் வேலை செய்யும் என்பவர்கள் கூட்டாகவே ஒரு நல்ல மருத்துவச் சோதனை செய்து காட்டலாமே, யார் தடுத்தார்கள்?

ஓய்வுக்குப் பிறகும் உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் டப்பாவும் கையுமாக அவர் வீட்டுக்கு வருகிறார்கள். எல்லோருக்கும் அவர் சொல்வது ஒரே பதில். பொடியாக வாங்காதீர்கள், முழுச் சரக்காக வாங்கி வீட்டில் இடித்துக்கொள்ளுங்கள். டப்பாவில்தான் வாங்க வேண்டும் என்றால் தாவரவியல் பெயரும், எந்த உறுப்பு என்பதும், தயாரிப்பு எண்ணும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கடையிலேயே திருப்பி வையுங்கள். சாப்பிடும் மூலிகையை உங்கள் ஆங்கில மருத்துவரிடமும், சாப்பிடும் மாத்திரையைச் சித்த மருத்துவரிடமும் மறைக்காதீர்கள். கண் மஞ்சளானால் கீழாநெல்லியைத் தேடிப் போவதற்கு முன் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள், ஏ-யா பி-யா என்று தெரிந்துகொள்ளுங்கள். பி என்றால் வீட்டில் உள்ள மற்றவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும். கீழாநெல்லியின் மேல் நம்பிக்கை வைத்துச் சென்னையோடு கைகோத்த அதே ப்ளம்பெர்க்தான் ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்கும் வழி திறந்தவர். பிறந்த குழந்தைக்கு அந்த ஊசியை அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடுகிறார்கள்.